குளத்துக்கு ஆட்டோமேஷன்: எந்தப் பாதியை வாங்குவது?

கேள்வி: டோம்பிவிலி கிழக்கில் எங்கள் பழைய நான்கு மாடிக் கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. புதிய கட்டடத்தில் போடியத்தின் மேல் 12 மீட்டர் நீளத்தில் ஒரு நீச்சல் குளமும், ஓரத்தில் ஆறு பேர் உட்காரும் ஜக்குஸியும் வருகின்றன. ‘ஃபுல் ஆட்டோமேஷன்’ வேண்டுமானால் அதற்குத் தனிச் செலவு ஆகும், இப்போதே சொல்லிவிடுங்கள் என்கிறார் பில்டர். மொபைலிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமாம். கமிட்டியில் பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் தண்டச் செலவு என்கிறார்கள். என்ன முடிவு எடுப்பது?
— சொசைட்டி செயலாளர் ஒருவர்

பாதி வாங்குங்கள். ஆனால் மொபைல் இருக்கும் பாதியை அல்ல.

முதல் வேலையாக, பில்டரின் கொட்டேஷனில் ஒரே வரியாக இருக்கும் ‘ஃபுல் ஆட்டோமேஷ’னைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டுச் சாமான்கள் இருக்கும். பம்பை நேரத்துக்கு ஓட்டி நிறுத்துவது, குளோரினும் அமிலமும் ஊற்றும் டோசிங், தண்ணீரைக் குளத்துக்கும் ஜக்குஸிக்கும் மாற்றி மாற்றித் திருப்பும் மோட்டார் வால்வு, ஹீட்டர், தண்ணீர் மட்டம், பிறகு கலர் விளக்கு, நீரூற்று, ஆப். இவற்றில் சிலவற்றை ஆள் மறந்தால் குளிப்பவர்களுக்கு ஆபத்து. சிலவற்றை மறந்தால் லைட் பில் ஏறும். கலர் விளக்கை மறந்தால் ஒன்றும் ஆகாது. இந்த வரிசையில்தான் பணம் போக வேண்டும். பில்டரின் பட்டியல் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக, விளக்கில் ஆரம்பித்து டோசிங்கில் முடியும். ஃபிளாட் பார்க்க வருகிறவர் கண்ணுக்கு விளக்குதானே தெரியும்!

ஜக்குஸியிலிருந்து தொடங்குகிறேன். கமிட்டியில் எல்லோர் கவனமும் பெரிய குளத்தில் இருக்கும். சிக்கல் இருப்பதோ சின்னத் தொட்டியில். உங்கள் குளம் 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 72,000 லிட்டர் பிடிக்கும். ஜக்குஸியில் சுமார் 1,500 லிட்டர். அதில் நாலு பேர் உட்கார்ந்தால் தலைக்கு 375 லிட்டர். அதே நெருக்கம் குளத்தில் வர வேண்டுமானால் 190 பேர் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். போதாததற்கு ஜக்குஸியில் தண்ணீர் சூடு, காற்றை ஊதிக் கலக்குவது வேறு. குளத்தில் நாள் முழுவதும் தாங்கும் குளோரின் இங்கே ஒரு சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, குளத்தில் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரினும் சூடான தொட்டியில் குறைந்தது 3 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

குளோரின் தீர்ந்த வெந்நீர்த் தொட்டி என்ன செய்யும் என்பதற்கு 1999-ல் நெதர்லாந்தின் பொவென்கார்ஸ்பெல் ஊரில் நடந்தது சான்று. மலர்க் கண்காட்சி ஒன்றில் விற்பனைக்காக ஓடவிட்டுக் காட்டிய சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா கிருமி காற்றில் பரவி, 32 பேர் இறந்தார்கள். தொட்டி குளிப்பதற்காக வைத்ததே இல்லை. பக்கமாக நடந்து போனவர்கள் மூச்சில் அந்த நீர்த்திவலை போயிருக்கிறது. உங்கள் ஜக்குஸி போடியத்தில், சாயங்காலம் மாமா மாமிகள் பெஞ்சு போட்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே ஜக்குஸிக்குத் தனி டோசிங் கட்டாயம். தனி பம்ப், தனி ஃபில்டரும் கேளுங்கள். இங்கேதான் பில்டர் ஆட்டோமேஷனைக் காட்டி உங்களை மடக்கப் பார்ப்பார்: “ஒரே பம்ப், ஒரே ஹீட்டர் போதும். பட்டனைத் தட்டினால் வால்வு திரும்பிக் குளத்துத் தண்ணீர் நின்று ஜக்குஸி ஓடும்.” பென்டேர், ஹேவர்ட், ஜாண்டி போன்ற, அமெரிக்காவில் புழங்கும் பிராண்டுகளின் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இந்த அமைப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருப்பார்கள். அங்கே அது நியாயமான சிக்கனம். சொசைட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலை குளத்தில் குழந்தைகளும் ஜக்குஸியில் பெரியவர்களும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். வால்வு ஜக்குஸிப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் முழுக்கக் குளத்துக்கு ஃபில்டரும் இல்லை, புதுக் குளோரினும் இல்லை. கூட்டம் அதிகமான நேரத்தில்தான் அது நடக்கும். தனித்தனி பம்ப் வைத்துவிட்டால் மோட்டார் வால்வும் அதை ஆட்டுவிக்கும் விலை உயர்ந்த பேனலும் தேவையே இல்லாமல் போகின்றன. மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது பம்பின் விலை பெருமளவு வந்துவிடும்.

சூடு பற்றிக் கொஞ்சம். டோம்பிவிலியில் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கக் காரணமே இல்லை. ஜக்குஸிக்கு 1,500 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 17 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டர் என்றால் அத்தனையும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக் கொடுப்பதால், நம் ஊரின் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் 4, 5 யூனிட்டில் முடிக்கும். டைமரும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் இங்கே அவசியம். 40 டிகிரியைத் தாண்டவிடாத ஒரு தனி கட்-அவுட்டும் வேண்டும். அது கன்ட்ரோலரை நம்பி இருக்கக் கூடாது, கன்ட்ரோலர் கெட்டாலும் தானாக வெட்ட வேண்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டே இறங்க வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறங்கவே கூடாது என்று பலகை எழுதி வையுங்கள். கை எட்டும் தூரத்தில் சுவரில் ஒரு சிவப்பு எமர்ஜென்சி பட்டன், அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய் இரண்டாகப் பிரிந்து, முடி சிக்காத மூடியோடு. ஒற்றை வாய் மாட்டியிருந்தால் அந்தத் தொட்டியை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 2002-ல் சூடான தொட்டியின் உறிஞ்சு விசையில் சிக்கி இறந்த பிறகு, இதற்கென்றே 2007-ல் அவள் பெயரில் சட்டம் வந்தது.

இனி டோசிங். குளோரினை அளந்து ஊற்றுவது மட்டும் போதாது, பிஹெச் சரியாக இருந்தால்தான் ஊற்றிய குளோரின் வேலை செய்யும். பிஹெச் 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால்பங்கும் தேறாது. காலையில் வந்து வாளியில் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போகும் ஆள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழந்தைகள் இறங்கும்போது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப்போவதில்லை. உங்கள் கமிட்டிக்காரர்கள் அந்த நேரம் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து வரும் ஃபாஸ்ட் லோக்கலில் நின்றுகொண்டிருப்பார்கள். பிஹெச்சையும், ஓ.ஆர்.பி. என்கிற கிருமிக்கொல்லித் திறனையும் அளந்து, தேவைக்குச் சொட்டுச் சொட்டாக விடும் கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. என் கணக்கில் மொத்த ஆட்டோமேஷனில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். ஆப் இல்லாத மாடல் போதும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஓ.ஆர்.பி. 650 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ டி.சி.சி.ஏ. 90 என்ற வில்லை. அது கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் அது காக்கும், சரி. ஆனால் அது போவதில்லை, சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேர ஓ.ஆர்.பி. எண் கீழே இறங்கும். கன்ட்ரோலர் குளோரின் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றும். ஆகவே ஓ.ஆர்.பி. கன்ட்ரோலர் வாங்கினால் வில்லையை நிறுத்திவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலான ஹைப்போவுக்கு மாறுங்கள். ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும் சரக்கு. ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

கன்ட்ரோலர் இருந்தாலும் கையால் ஒரு பரிசோதனை தினமும் நடக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறம் காட்டும் கிட், மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் பாதி வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செத்துப்போன குளோரினாக இருக்கலாம். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். ரிட்டயர் ஆன, வேதியியல் படித்த ஒருவர் எந்த டோம்பிவிலி சொசைட்டியிலும் இருப்பார். அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

டோசிங்கில் உயிர்போகும் ஆபத்து ஒன்று உண்டு. பம்ப் நின்றும் டோசிங் நிற்காவிட்டால், அமிலமும் ஹைப்போவும் ஓடாத தண்ணீரில் குழாய்க்குள்ளேயே சந்தித்துக் குளோரின் வாயுவாகும். பம்ப் மறுபடி ஓடும்போது அந்த வாயு நேரே குளத்துக்குள், நீந்துகிறவர்கள் முகத்தில் கிளம்பும். வெளிநாடுகளில் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. மகாவிதரணின் கரன்ட் போய்ப் போய் வரும் இடத்தில் இது வெறும் பாடப் புத்தக ஆபத்து அல்ல. பம்ப் மின்சாரத்தோடு டோசிங்கை இணைத்தால் மட்டும் போதாது. பம்ப் சுற்றும், தண்ணீர் இழுக்காது என்ற நிலையும் உண்டு. குழாயில் தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச் இருக்க வேண்டும், ஓடாவிட்டால் டோசிங் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் நாளில் பில்டரின் ஆளை வைத்து உங்கள் முன்னால் வால்வை மூடச் சொல்லிப் பாருங்கள். கரன்ட் போய் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே, பிறகுதான் பம்ப் என்று வாட்ச்மேனுக்கும் சொல்லிவையுங்கள்.

அமில டிரம்மையும் ஹைப்போ டிரம்மையும் ஒரே அறையில் வைக்காதீர்கள் என்று டோம்பிவிலிக்காரர்களுக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. இங்கே ரசாயன ஆலைகள் வெடித்த 2016 மே 26-ம் 2024 மே 23-ம் ஊர் மறக்கக்கூடிய தேதிகள் அல்ல. அந்த வெடிவிபத்துகளைப் பார்த்த எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைதான் இந்த விஷயத்தில் உங்களுக்கு உதவியும் செய்யப்போகிறது. சாய, ரசாயன ஆலைகள் தங்கள் கழிவுநீரின் பிஹெச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவை. ஆகவே ப்ரோப் சரிபார்க்கிறவர், டோசிங் பம்பின் டயாஃப்ரம் மாற்றுகிறவர், பேனல் கட்டுகிறவர் எல்லோரும் உங்கள் வீட்டிலிருந்து ரிக்ஷா தூரத்தில் இருக்கிறார்கள்.  அவர்கள் தினம் கையாளும் வகைக் கருவியை வாங்குங்கள்: சாதாரண பி.என்.சி. முனை கொண்ட ப்ரோப், 4-20 மில்லிஆம்ப் சிக்னல், கடையில் தனியாகக் கிடைக்கும் ரிலே. ப்ரோப் ஒன்றிரண்டு வருஷத்தில் தேயும் பொருள். கெட்டுப்போனால் அதே கம்பெனியின் ப்ரோப் வெளிநாட்டிலிருந்து வரும்வரை குளத்தை மூடி வைக்கும்படி ஆகும் எந்த பிராண்டும், எவ்வளவு பெயர் பெற்றதானாலும், உங்களுக்கு வேண்டாம்.

உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவியும் பில்டர் பட்டியலில் இருக்கலாம். டிரம் தூக்க வேண்டாம் என்பது நல்லதுதான். ஆனால் திறந்த குளத்தில் நம் மழையை மறந்துவிடக் கூடாது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இங்கே 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. 1.2 மீட்டர் ஆழக் குளத்தின் மேல் இரண்டு மீட்டர் தண்ணீர் விழுகிறது என்றால், வழிந்து ஓடும் தண்ணீரோடு நீங்கள் போட்ட உப்பில் ஐந்தில் நாலு பங்கும் போய்விடும். ஒவ்வொரு அக்டோபரிலும் மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். டேங்கர், போர் தண்ணீரின் கடினத்தன்மை செல்லில் பொருக்காகப் படியும். கடப்பாக் கல் விளிம்பையும் உப்பு அரிக்கும். உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்பில் கொஞ்சம் கணக்குப் போடலாம். 72,000 லிட்டரை ஆறு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றவிட மணிக்கு 12,000 லிட்டர் தள்ள வேண்டும். 1.5 கிலோவாட் இழுக்கும் ஒற்றை வேகப் பம்ப் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 540 யூனிட். யூனிட் 12 ரூபாய் என்று வைத்தால் 6,480 ரூபாய். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதிதான் நகரும். மின்சாரமோ கோட்பாட்டின்படி எட்டில் ஒரு பங்குக்கு விழும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கால்வாசிதான் செலவு. நடைமுறையில் அவ்வளவு வராது, பாதி மிச்சமானால்கூட மாதம் 3,000 ரூபாய்க்கு மேல். வேகம் மாறும் பம்புக்குப் பில்டர் கேட்கும் கூடுதல் தொகையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்குள் திரும்பினால் வாங்குங்கள். அமெரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து புதிய பெரிய குளப் பம்புகளுக்கு இந்தச் சிக்கனத்தை ஏறக்குறைய சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். இங்கே மூன்று ஃபேஸ் பம்புக்கு, வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி போட்டும் அதே பலனைப் பெறலாம், எம்.ஐ.டி.சி. ஆட்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கவனிக்க வேண்டியது ஒன்றே: குறைந்த வேகத்தில் ஃப்ளோ ஸ்விட்ச் தண்ணீர் ஓடவில்லை என்று நினைத்து டோசிங்கைப் பூட்டிவிடும். பேக்வாஷுக்கும் அந்த வேகம் போதாது. எந்த வேகத்தில் எது ஓடும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டத்தைத் தானாக நிரப்பும் வால்வு வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமானால் அந்தக் குழாயில் ஒரு மீட்டர் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகும், உங்கள் 60 சதுர மீட்டர் குளத்தில் அது 300, 350 லிட்டர். அதற்கு மேல் போனால் கசிவு. தானியங்கி வால்வு சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால், போடியத்துக்குக் கீழே பார்க்கிங்கில் யாருடைய கார் மேலாவது சொட்டும்போதுதான் தெரியவரும். டேங்கர் பில் அதற்கு முன்பே தெரிந்திருக்கும், யாரும் காரணம் தேடியிருக்க மாட்டார்கள்.

ஆப் வேண்டும் என்று அடம்பிடிக்கும் உறுப்பினர் எப்படியும் ஒருவர் இருப்பார். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பம்ப் அறையில் சிக்னல் கிடைக்காது. கேபிள் இழுத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், அக்கவுன்ட் யார் பெயரில்? மாட்டிய கான்ட்ராக்டரின் மெயிலிலோ, அடுத்த ஏ.ஜி.எம்.மில் பதவி விடப்போகும் செயலாளரின் சொந்த நம்பரிலோ திறந்துவிட்டால், சண்டை வந்த மறுநாள் குளம் யார் கட்டுப்பாட்டில் என்பதே தெரியாது. சொசைட்டி பெயரில் மெயில், கடவுச்சொல் உறையில் போட்டுப் பூட்டிய அலமாரியில்.

பின்னால் சேர்க்கவே முடியாதவை சில இருக்கின்றன. அவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்லாப் போட்ட பிறகு குழாய் பதிக்க உடைத்தால் நீர்க்காப்புப் பூச்சு போய்விடும். ஆகவே குளத்தடியிலிருந்து பம்ப் அறைக்கும், அங்கிருந்து செக்யூரிட்டி கேபினுக்கும் இரண்டிரண்டு காலி கான்ட்யூட் இப்போதே போடச் சொல்லுங்கள். பேனலில் நாலு காலி பிரேக்கர் இடம், தரைக்கு மேல் நல்ல உயரத்தில், டிரம் வைக்கும் அறைக்கு வெளியே. குளோரின் ஆவி படும் இடத்தில் எந்த எலக்ட்ரானிக் பேனலும் நீடிக்காது, தரையோடு மாட்டினால் ஜூலையில் ஒரு நாள் தண்ணீர் புகும். முப்பது மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., சரியான எர்த்திங், குளத்துக்குள் 12 வோல்ட் விளக்கு, சர்ஜ் பாதுகாப்பு ஆகியவை ஆட்டோமேஷன் உண்டா இல்லையா என்பதற்கு அப்பாற்பட்டவை. ப்ரோப் மாட்ட ஃபில்டருக்குப் பின் கொஞ்சம் நேரான குழாய், இருபுறமும் மூடும் வால்வு. இத்தனையும் இருந்தால் கலர் விளக்கோ ஆப்போ நாளைக்கு எவர் வேண்டுமானாலும் கேட்கட்டும், ஒரு நாள் வேலைதான்.

இவற்றையெல்லாம் டெவலப்மென்ட் அக்ரிமென்டின் இணைப்பில், மாடல் எண்ணோடு, வரி வரியாக ஏற்றுங்கள். ‘ஆர் ஈக்விவலன்ட்’ என்ற இரண்டு வார்த்தை அங்கே இருந்தால் அடித்துவிடுங்கள். ரேரா சட்டத்தின் 14(3) பிரிவு வீடு வாங்கியவர்களுக்கு வேலைக் குறைபாடுகளில் ஐந்து வருஷப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் பழைய உறுப்பினர்களான நீங்கள் அதை மட்டும் நம்பாமல், குளத்துக்கென்று தனி உத்தரவாதம் எழுதி வாங்குவதே நல்லது. தேய்ந்து மாறும் ப்ரோப், டயாஃப்ரம் எல்லாம் ஏ.எம்.சி.யில் வருமா, மாதம் எத்தனை முறை ப்ரோப்பை பிஹெச் 4, 7 கரைசலில் வைத்துச் சரிபார்ப்பார்கள் என்பதும் அதில் வேண்டும். குளத்துக்கு என்று ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைக்க முடிந்தால் வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுதாக ஓடி, அக்டோபரில் வால்வை மூடி டோசிங் நிற்கிறதா என்று மறுபடி பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.